ஆணி வரக்கூடாத அறை

காலை பத்து பதினேழுக்கு நான் அந்த ஆணியை அடித்தேன். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், அது பார்த்து வைத்த நேரம். பத்தே காலுக்கும் பத்தரைக்கும் இடையில் வேலையைத் தொடங்கினால் நல்லது என்று சாத்திரியார் என் மனைவிக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். மூன்று அடி அடித்தேன். மூன்றாவது அடியில் ஆணி எதற்குள்ளோ சுலபமாக இறங்கியது. பலகைக்குள் இறங்குகிற ஆணி அப்படி இறங்காது.

அந்த அறைக்குள் ஆணியே வரக்கூடாது என்று சொல்லியிருந்தவர் அப்போது பனியில் சிக்கி நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. கார்ப்பெட் அண்ணை என்றுதான் எல்லோரும் அவரைச் சொன்னார்கள். தொலைபேசி எண்ணைத் தந்த நண்பர் ஒரு வசனம் சேர்த்தே தந்தார். “திறமான வேலைகாரன். கோவம் வந்தா கொஞ்சம் கை நீட்டுற ஆள், கவனம்.” எண்ணை எழுதிய தாளைப் பிறகு இரண்டு கிழமை கார் டாஷ்போர்டில் போட்டு வைத்திருந்தேன்.

எங்கள் வீடு மார்க்கம் நகரில் இருக்கிறது. பேஸ்மென்ட் தரைக்குக் கீழே சூட்டு நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. எங்களுக்கு முன் இருந்தவர் செய்து வைத்த வேலை அது. சிமெந்தின் மேல் தவாளிப்பு வெட்டிய பலகைகள், தவாளிப்புக்குள் குழாய்கள், அதற்கு மேல் மெல்லிய பலகை, எல்லாவற்றுக்கும் மேலே வழுவழுப்பான லாமினேட். கண்ணாடி போல மினுங்கும். விழுந்தால் கல்.

என் மகள் அஞ்சனா விழுவாள். பதின்மூன்று வயது. வலிப்பு வருவதற்கு முன் அவளுக்கு எந்த அறிகுறியும் கிடைப்பதில்லை. நின்ற நிலையில் மரம் முறிந்தது போல விழுவாள். சென்ற இலையுதிர் காலத்தில் அந்த லாமினேட்டில் விழுந்து இடது புருவத்தின் மேல் ஆறு தையல். ஆனாலும் அவளுக்கு வீட்டில் பிடித்த இடம் அந்தப் பேஸ்மென்ட்தான். வலிப்பு வந்து போனால் உடம்பு குளிர்ந்துவிடும். அப்போது சூடான தரையில் பூனை மாதிரிச் சுருண்டு படுத்துக் கிடப்பாள். எங்களுக்கு வேண்டியதெல்லாம் இரண்டுதான். தரை மெத்தென்று இருக்க வேண்டும், சூடும் மேலே வர வேண்டும்.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் முடியாது என்றார். மற்ற இருவரும் ஒரு பிரச்சினையும் இல்லை, ஆணி அடித்து ஒரே நாளில் முடிக்கலாம் என்றார்கள். அப்போதுதான் காரில் கிடந்த தாளை எடுத்தேன்.

வந்த முதல் நாளே சண்டை. பிள்ளையின் தலைக்கு நல்லது என்று நினைத்து, தடித்த நுரைவிரிப்பு ஒரு சுருளை நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். கார்ப்பெட்டுக்குக் கீழே போடுவது. அவர் அதை விரலால் ஒருமுறை அமத்திப் பார்த்தார். பிறகு தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் பனிக்குவியலில் எறிந்தார். எறிந்ததோடு விடவில்லை. சப்பாத்துக் காலால் அதன் மேல் ஏறி நின்று மிதித்தார்.

“தம்பி, ஆர் உங்களுக்கு உந்தச் சாமானை வித்தவன்?”

“தள்ளுபடியில போட்டிருந்தாங்கள், அண்ணை.”

“உதுக்குக் கீழ சூட்டை விட்டா எங்க போகும்? கீழ கிடந்து அவியும். பலகை வெடிக்கும். மேல உங்கட பிள்ளை விறைச்சுக்கொண்டு கிடக்கும். நீங்கள் இன்னும் கூட்டிக் கூட்டி விடுவியள்.”

அடுத்த சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு அஜின்கோர்ட்டில் ஒரு கடைக்குப் போனார். விற்பனையில் நின்ற இளைஞர் தமிழ்நாட்டுக்காரர், மரியாதையானவர். “ஹீட்டட் ஃப்ளோருக்கு எல்லாரும் இந்த பேடுதான் சார் வாங்கறாங்க. ப்ரீமியம்” என்று அதே தடித்த நுரையைக் காட்டினார். அவர் குடித்துக்கொண்டிருந்த தேநீர்க் கோப்பை மேசையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கார்ப்பெட் அண்ணை அதன் மேல் நுரைத் துண்டை வைத்தார். இளைஞரின் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தினார்.

“சூடு வருதோ?”

“சார், கைய விடுங்க சார்.”

“வருதோ இல்லையோ?”

“வரல சார்.”

நுரையைத் தட்டிவிட்டு, ஒரு மெல்லிய கனமான றப்பர்த் துண்டையும் அதன் மேல் மயிர் குட்டையான ஒரு கார்ப்பெட் மாதிரியையும் வைத்தார். அதே கையை மறுபடி அழுத்தினார். ஐந்து, ஆறு என்று வாய்விட்டு எண்ணினார். பத்தை எட்டும்போது இளைஞர் கையை உதறி இழுத்தார். தேநீர் மேசை முழுக்கக் கொட்டியது. மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் சிவப்பாக இருந்தது.

“இப்ப வருது. உந்தச் சாமானைத்தான் விக்கவேணும்.”

நான் அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். அண்ணை கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே கார்ப்பெட் சுருள்களின் முதுகைப் பிளேடால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். மயிர் குட்டை, நெருக்கமான நெசவு. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு மெல்லியது பிள்ளையின் தலையை எப்படிக் காப்பாற்றும் என்று கேட்டாள்.

அவர் அவளைக் கராஜுக்கு வரச் சொன்னார். எங்கள் கராஜின் சிமெந்துத் தரையில் றப்பரை விரித்து, அதன் மேல் சாம்பல் துண்டைப் போட்டு, முழந்தாளிட்டு, நெற்றியால் ஓங்கி ஒரு மோது மோதினார். பிறகு பனியில் நனைந்த என் நுரையை எடுத்து வந்து போட்டு, அதிலும் அதே வேகத்தில் மோதினார். எழும்பி நின்றபோது நெற்றி சிவந்திருந்தது.

“ரெண்டும் ஒரே நோவுதான், தங்கச்சி. எழும்பி நடக்கலாம்.”

அஞ்சனா கராஜ் வாசலில் நின்று பார்த்துவிட்டாள். “அப்பா, ஹீ இஸ் இன்சேன்” என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைக் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் தலையையே இப்படிப் போட்டு மோதுகிறவர் மற்றவர்களின் தலையை என்ன செய்வார் என்றுதான் யோசித்தேன்.

அன்று மாலை அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். “அண்ணை, குறை நினைக்காதேங்கோ. மகளுக்குக் கிட்டப் போகாதேங்கோ. சத்தம் போடாதேங்கோ. அவளுக்கு அதிர்ச்சி ஆகாது.”

“ஓம்” என்றார்.

அதன் பிறகு அஞ்சனா எந்த அறைக்குள் வந்தாலும் அவருடைய இரண்டு கைகளும் காற்சட்டைப் பைக்குள் போய்விடும். கையில் கத்தி இருந்தால் தரையில் வைத்துவிட்டுக் கைகளைப் பைக்குள் விடுவார். அவள் போன பிறகுதான் வெளியே எடுப்பார்.

பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் படிகளுக்கு முதலில் கார்ப்பெட் போட்டார். அங்கே குழாய் இல்லை, ஆணி அடிக்கலாம். கார்ப்பெட்டை இழுத்து இறுக்குவதற்கு ஒரு கருவி வைத்திருந்தார். முன்பக்கம் பற்கள், பின்பக்கம் ஒரு திண்டு. பற்களைக் கார்ப்பெட்டில் குத்தி, திண்டை முழங்காலால் உதைக்க வேண்டும். அவர் உதைத்தால் சுவர் அதிரும். மேலே சமையலறை அலுமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும். ஒவ்வொரு உதைக்கும் ஒரு தூஷண வார்த்தை, கார்ப்பெட்டைப் பார்த்து. உதை, வார்த்தை, உதை, வார்த்தை. வலது முழங்கால் இடதைவிடப் பெருத்து, தோல் காய்த்து, குளம்பு மாதிரி இருந்தது. முப்பது வருடம் அந்த ஒரு முழங்காலில் சீவித்திருக்கிறார்.

படி வேலை முடிந்த அன்று தேநீர் கொடுத்தேன். கதையோடு கதையாகப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன்.

“ஒரு மகன். ஒருக்கா அடிச்சனான். போயிட்டான். நாலு வருசமாச்சு.”

கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். அன்றிரவு என் மனைவியிடம் சொன்னேன், இந்த ஆள் வேண்டாம், வேறு ஆளைப் பார்ப்போம் என்று. “ஆர் இருக்கினம், வேற?” என்றாள். உண்மைதான்.

லாமினேட்டைக் கழற்றிய நாள் இன்னும் மோசம். கழற்றவில்லை, பிய்த்தார். இரும்புக் கம்பியை இடுக்கில் விட்டு, மேலே ஏறிக் குதித்து, பலகைகளை முறித்து, குப்பைப் பெட்டிக்குள் சுவரில் அடிப்பது போல அடித்தார். இடையில் அவருடைய தொலைபேசி அடித்தது. எடுத்தார், இரண்டு நிமிடம் கேட்டார், தொலைபேசியைத் தரையில் போட்டுக் கம்பியால் நொறுக்கினார். யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் அஞ்சனா கீழே வந்தாள். படியிறங்கி இரண்டடி வைத்தவுடன் விழுந்தாள். நான் அறையின் மறுமூலையில் நின்றேன். அவர் பக்கத்தில் நின்றார். கைகள் பைக்குள் இருந்தன. கையை எடுக்காமலே காலால் றப்பர்ச் சுருளை உதைத்தார். அது உருண்டு போய் அவள் தலைக்கும் பலகைக்கும் நடுவில் சரியாக நின்றது. நான் ஓடிப் போய் அவளைப் பக்கவாட்டில் திருப்பினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். “தம்பி, ரெண்டு நிமிசம்” என்றார். “மூண்டு.” வலிப்பு நீடிக்கிற நேரத்தைச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கண் திறந்ததும் படியேறிப் போனார். சிறிது நேரத்தில் தெருவில் ஒரு பெரிய சத்தம். யன்னலால் பார்த்தேன். அவருடைய வான் வண்டியின் பக்கக் கதவு உள்ளே குழிந்திருந்தது. அவர் கையை வாயில் வைத்து இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் குழாய்களைக் கண்டுபிடித்தார். அதை நான் மறக்க மாட்டேன். சூட்டை உயரக் கூட்டிவிட்டு, பலகை முழுவதையும் ஈரத்துணியால் துடைத்தார். பிறகு ஓரமாகக் குந்தியிருந்து பார்த்தார். குழாய் போகிற வழிதான் முதலில் காய்ந்தது. ஈரப் பலகையில் வெளிர்நிறக் கோடுகள் வளைந்து வளைந்து எழும்பி வந்தன. அவை மறைவதற்குள் சிவப்புச் சுண்ணக்கட்டியால் ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்டார். வந்த நாள் தொடக்கம் அவர் எதையும் மெதுவாகத் தொட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

“தம்பி, இது உங்கட பிள்ளையின்ர நரம்பெண்டு நினைச்சுக் கொள்ளுங்கோ. இந்த அறைக்குள்ள ஆணி வரக்கூடாது. சுவரோர முள்ளுப் பலகையை நான் பசையில ஒட்டுவன். சூட்டை இப்ப நிப்பாட்டுங்கோ. ரெண்டு நாள் தரை ஆறவேணும், இல்லாட்டிப் பசை பிடியாது. நான் வருமட்டும் ஒருத்தரும் கைவைக்கக்கூடாது.”

முள்ளுப் பலகை என்றது, கார்ப்பெட்டின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் மெல்லிய கீற்றுகளை. அவற்றைக் கட்டாகக் கட்டி மூலையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் தரை குளிர்ந்து கிடந்தது. அஞ்சனாவுக்காக ஒரு மின்சார ஹீற்றரை, மூலைச் சுவர்ப் பிளக்கில் இருந்து நீள வயரில் இழுத்து, படிக்குக் கிட்ட வைத்திருந்தோம்.

என் மனைவிக்குச் சுபநேரம் முக்கியம். கழற்றியது வேலை இல்லை, போடுவதுதான் வேலை என்றாள். பிள்ளைக்காகச் செய்கிற வேலை, நல்ல நேரத்தில் தொடங்க வேண்டும். அன்று காலை அவள் ஈசான மூலையை மஞ்சள் தண்ணீரால் துடைத்து, ஒரு சின்னக் கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றினாள். துடைத்த துணி இளஞ்சிவப்பாக இருந்தது. அதை இருவரும் பார்த்தோம். ஏன் என்று இருவரும் யோசிக்கவில்லை.

பத்து மணிக்கு வரவேண்டியவர் பத்தேகாலுக்குக் கூப்பிட்டார், தன் மனைவியின் தொலைபேசியில் இருந்து. “பனியில விபத்து ஒண்டு, றோட்டை மூடியிருக்கிறாங்கள். வாறன். கைவைக்காதேங்கோ.”

“நேரம் போகுது, அப்பா” என்றாள் என் மனைவி. “ஒரு கீத்து. ஒரு ஆணி. மிச்சத்தை அவர் வந்து ஒட்டட்டும்.”

அந்த மூலையில் சிவப்புக் கோடு ஒன்றுமே இல்லை. கோடு இல்லாத இடத்தில் குழாய் இருக்காது என்று நினைத்தேன். இரண்டு அங்குல ஆணி.

அடித்தவுடன் ஆணியைச் சுற்றி ஈரம் கசிந்தது. குத்துவிளக்கின் எண்ணெய் சிந்திவிட்டது என்று முதலில் நினைத்தோம். பிறகு புரிந்தது. மனைவி வால்வைத் தேடி மேலே ஓடினாள். அண்ணை வந்து பார்ப்பதற்குள் ஆணியைக் கழற்றி ஏதாவது வைத்து அடைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த மனிதரின் கோபத்தை நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். ஆணிதான் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பினேன். தண்ணீர் என் முகத்தில் பீறிட்டு அடித்தது. குத்துவிளக்கு அணைந்தது. பெருவிரலால் பொத்தினேன். பக்கவாட்டில் அடித்தது. மனைவிக்கு வால்வு அகப்படவில்லை; இருபது நிமிடம் கழித்தும் நான் பொத்திக்கொண்டு தண்ணீருக்குள் முழந்தாளிட்டு இருந்தேன்.

“அப்பா?” அஞ்சனாவின் குரல். படியில் வெறுங்காலோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் கார்ப்பெட் அண்ணை வந்தார். பனி ஒட்டிய சப்பாத்தோடு, எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. அஞ்சனா கடைசிப் படியில் நின்று தண்ணீருக்குள் ஒரு காலை நீட்டினாள். அவர் கை பைக்குள் இருந்து வெளியே வந்தது. அவளுடைய சட்டைத் தொப்பியைக் கொத்தாகப் பிடித்து, பின்னுக்கு இழுத்து, படியில் எறிந்தார். ஆம், எறிந்தார். அவள் முழங்கை சுவரில் மோதிய சத்தம் கேட்டது. அவள் கத்தினாள்.

அடுத்த நொடி அவர் படியிலிருந்து என்னை நோக்கிப் பாய்ந்தார். தண்ணீரைத் தொடாமல், சுவரோரம் கிடந்த கார்ப்பெட் சுருளின் மேல் ஒரு கால், மற்றக் கால் அதன் நுனியில், எனக்குப் பக்கத்தில். முகம் கோணலாக இருந்தது. கை நீண்டிருந்தது.

என் கையில் சுத்தியல் இருந்தது. நான் முழந்தாளில் இருந்தேன். என் கண்ணுக்கு நேரே இருந்தது அவருடைய வலது முழங்கால். ஓங்கி அடித்தேன்.

அந்தச் சத்தத்தை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் கத்தவில்லை. சுருளின் மேல் சாய்ந்து விழுந்தார். நான் இரண்டாவது முறையும் ஓங்கினேன். ஓங்கிய கையோடுதான் பார்த்தேன், அவர் என் தலைக்கு மேலாக நீட்டியிருந்த கை சுவரில் இருந்து ஹீற்றரின் வயரைப் பிடுங்கியிருந்ததை. பிளக் அவருடைய விரல்களுக்குள் இருந்தது. வயரும் வயரும் சேருகிற மூட்டு, அஞ்சனா கால் வைக்கப் போன இடத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில், தண்ணீரின் விளிம்பில் கிடந்தது.

“அப்பா” என்றாள் அஞ்சனா, படியில் கிடந்தபடி. “த வயர். ஹீ வாஸ் கெட்டிங் த வயர்.”

மனைவி மேலே வால்வை மூடியிருக்க வேண்டும். தண்ணீர் மெதுமெதுவாக அடங்கி நின்றது. அவர் சுவரோரச் சுருளில் படுத்தபடி மூலையைப் பார்த்தார். கோலத்தை, விளக்கை, கோடு அழிந்த பலகையை.

“தம்பி,” என்றார், “ஆணி வரக்கூடாதெண்டு சொன்னனான்.”

அவரை என் காரில் ஏற்றினேன். அஞ்சனாவும் வந்தாள், முழங்கையை அணைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் தாதி எப்படி நடந்தது என்று கேட்டார். அவர் எனக்கு முந்திக்கொண்டார். “ஸ்லிப். வாட்டர். மை மிஸ்டேக்.” தாதி எழுதினார். நான் அவருக்குப் பக்கத்தில் சக்கரநாற்காலியைப் பிடித்தபடி நின்றேன்.

“அப்பா, டெல் தெம்” என்றாள் அஞ்சனா, மெதுவாக.

தாதி நிமிர்ந்து பார்த்தார். நான் மகளின் கைக்கு ஐஸ் வேண்டும் என்று கேட்டேன்.

முழங்கால் சில்லு மூன்றாக உடைந்திருந்தது. அந்தக் கால் பிறகு திண்டை உதைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பேஸ்மென்ட்டில் இன்று அவர் தெரிந்தெடுத்த சாம்பல் கார்ப்பெட்தான் கிடக்கிறது. குழாய் திருத்திய பிறகு வேறு ஒருவர் வந்து, பசையில் ஒட்டி, விரித்துவிட்டுப் போனார். சூடு நன்றாகவே மேலே வருகிறது. அஞ்சனா அதில் இரண்டு முறை விழுந்துவிட்டாள். எழும்பி நடந்தாள். என்னோடு பேசுகிறாள். ஆனால் நான் எதையாவது கையில் எடுத்தால், ஒரு கத்தி, ஒரு குறடு, அவள் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பார்க்கிறாள்.

அன்று ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் காத்திருந்தோம். அவர் கண்ணை மூடியிருந்தார், இரண்டு கைகளையும் போர்வைக்குக் கீழே வைத்துக்கொண்டு. அஞ்சனா எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த கதிரையை விட்டு, அவருக்கு மற்றப் பக்கம் போய் இருந்தாள்.

கடைசியில் அவருடைய மனைவி வந்தார். மோர்னிங்சைட்டில் இருந்து இரண்டு பஸ் மாறி, முதியோர் பராமரிப்பு வேலையின் நீல உடுப்போடு, தோளில் பனியோடு. கணவனின் காலைப் பார்க்கவில்லை. முதலில் என் நனைந்த காற்சட்டையைப் பார்த்தார். பிறகு அஞ்சனாவின் முழங்கையில் கட்டியிருந்த கட்டைப் பார்த்தார். கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பலமுறை செய்து பழகியவர் போல, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“தம்பி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், பொலிசுக்குப் போயிடாதேங்கோ. சொல்லுங்கோ, இந்தமுறை ஆருக்கு அடிச்சவர்?”